பதினோராம் நிமிடத்தில் ஒரு கதவு

என் தங்கச்சியின் கணவர் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். இருபத்திரண்டு வருடமாக அதே நாற்காலி, அதே மைக். எந்த மேடையில் எந்த வண்டி நிற்கிறது, எப்போது புறப்படும், எது தாமதம் என்று சொல்வதுதான் வேலை. ஊரில் அந்தக் குரல் விழாத காது இல்லை. ஆனால் ஆளைப் பார்த்து இவர்தான் அவர் என்று சொல்லக்கூடியவர்கள் பத்துப் பேர் தேறமாட்டார்கள். மாடியில் ஒரு கண்ணாடி அறைக்குள் இருப்பார். கீழே கடை வைத்திருப்பவர்கள் அவரை ‘ஸ்பீக்கர்’ என்பார்கள். எனக்கு அவர் மாப்பிள்ளை. அவருக்கு நான் மச்சான்.

கணீர்க் குரல் என்று நினைத்துவிட வேண்டாம். ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. வண்டி வந்தாலும் ஒரே குரல், ரத்தானாலும் அதே குரல். வீட்டிலும் அப்படியே. ஒரு தடவை கன்னம் வீங்கி வந்து உட்கார்ந்து, “எனக்குப் பல் வலி. ரெண்டு நாளா இருக்கு” என்று அறிவித்தார். என் தங்கச்சி விழுந்து விழுந்து சிரித்தாள்.

“எத்தனாம் நம்பர் மேடையில வலிக்குது?”

“கீழ் வரிசை. இடது பக்கம்” என்றார். அவர் தமாஷுக்குச் சொன்னாரா, நிஜமாகவே சொன்னாரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

தங்கச்சிக்கு ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் வேலை. நாள் முழுக்கப் படுக்கை விரிப்பு மடிப்பாள். டயர் கடைக்கு மேல் மாடியில் இருந்த தியான மையத்துக்கு அவள்தான் முதலில் போனாள். உட்கார்ந்து மூச்சைக் கவனிக்கிற இடம். ஆறு மாதம் கழித்து என்னையும் இழுத்தாள். நான் வீட்டுச் சாமான்களை லாரியில் ஏற்றி இறக்குகிறவன். “நீ சும்மா வந்து நாற்காலிய மட்டும் எடுத்துப் போடுண்ணே, தியானம் தன்னால வரும்” என்றாள். எனக்குத் தூக்கம்தான் வந்தது. ஆனால் நாற்காலி போடுகிற வேலை நிலைத்துவிட்டது.

அந்த மையத்தை ஆரம்பித்தவரைப் பெரியவர் என்போம். கொஞ்ச காலத்தில் வெளிநாடுகளிலிருந்து கூப்பிட ஆரம்பித்தார்கள். பிழைக்கப் போன நம் ஆட்கள் அங்கே பள்ளிக்கூட விளையாட்டு அறை, நூலகத்தின் கீழ்த்தளம் என்று வாடகைக்கு எடுத்து, இரண்டு நாள் பயிற்சி வகுப்பு நடத்தச் சொன்னார்கள். போன ஆசிரியர்கள் ஆளாளுக்கு ஒரு விதமாகச் சொல்லிக்கொடுத்தார்கள். ஒருவர் நடுவில் பாட ஆரம்பித்துவிட்டார். இன்னொருவர் தன் குடும்பக் கதையைச் சொல்லி அழுதார். பெரியவருக்கு இது பிடிக்கவில்லை. எல்லா ஊருக்கும் ஒரே குரல், ஒரே பதிவு, நடிக்காத குரலாக வேண்டும் என்றார்.

“எங்க வீட்டுல ஒண்ணு இருக்குங்கய்யா” என்றாள் என் தங்கச்சி.

பதிவு தங்கச்சி வீட்டுப் பின்னறையில் நடந்தது. வெளிச்சத்தம் வராமல் இருக்கச் சுவரெல்லாம் மெத்தைகளைச் சாத்தி வைத்தவன் நான். மெத்தை சரியாமல் பிடித்துக்கொண்டு மூலையிலேயே இருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். பழைய ரேடியோ ரிப்பேர்க்காரர் ஒருவர் கருவியோடு உட்கார்ந்திருந்தார். பெரியவர் ஒரு நிபந்தனை போட்டார். நாற்பது நிமிடமும் ஒரே மூச்சில் பேச வேண்டும், நடுவில் நிறுத்தித் திருப்பி எடுக்கக் கூடாது. “மூச்ச வெட்டி ஒட்ட முடியுமா?” என்று கேட்டார்.

மாப்பிள்ளை தாளை வைத்துக்கொண்டு ஆரம்பித்தார். வண்டி அறிவிக்கிற அதே குரல். “மூச்சை உள்ளே இழுங்கள். நிறுத்துங்கள். வெளியே விடுங்கள்.” பதினோராம் நிமிடம். “முழுவதும் விடுங்கள்” என்று சொல்லி முடித்தார். அடுத்தது “மறுபடி உள்ளே” என்று வர வேண்டும். அப்போது கதவுத் தாழ்ப்பாள் டக்கென்றது. தங்கச்சி கதவைத் திறந்துகொண்டு நின்றாள். மாப்பிள்ளை கையை உயர்த்தி உள்ளங்கையைக் காட்டினார். அவள் நின்றாள். அவர் கையை இறக்கவில்லை. அவள் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். பிறகு மெல்ல மூடினாள். மறுபடி டக். மாப்பிள்ளை தாளில் விட்ட இடத்தைத் தேடிப் பிடித்து, “மறுபடி உள்ளே” என்றார். மொத்தம் முப்பத்தெட்டு விநாடி என்று ரேடியோக்காரர் பிற்பாடு கணக்குச் சொன்னார்.

முடிந்ததும் நான் அவளிடம் எகிறினேன். “என்ன உனக்கு அப்படித் தலைபோற அவசரம்?”

“சத்தமே காணோமே, எல்லாரும் தூங்கிட்டீங்களோன்னு பாத்தேன்” என்றாள். “நீ இருக்கற எடமாச்சே.”

பெரியவர் பதிவைக் கேட்டார். அந்த இடம் வந்ததும் கண்ணை மூடிக்கொண்டார். திறந்து, “இருக்கட்டும்” என்றார். அவ்வளவுதான். அதற்கு மேல் யாரும் அவரைக் கேட்கவில்லை. மறு வருடம் அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

பதிவு ஆறு நாட்டுக்குப் போனது. தமிழ் தெரியாத அக்கம்பக்கத்து ஆட்களும் வர ஆரம்பித்தார்கள். அவர்களுக்குக் கையில் அவர்கள் பாஷையில் ஒரு தாள் கொடுத்தார்கள். குரல் மாறவில்லை. தாளை எழுதியவருக்கு அந்த முப்பத்தெட்டு விநாடி என்னவென்று தெரியாது. ‘நீண்ட அமைதி’ என்று போட்டுவிட்டார். ஆசிரியர்கள் அதற்கு விளக்கம் சொல்லத் தொடங்கினார்கள். மூச்சு முழுவதும் வெளியே போன பிறகு இருக்கிற வெறுமை, அதில் தங்க வேண்டும் என்றார்கள். எங்கெங்கோ கூடம் கூடமாக ஆட்கள் மூச்சை விட்டுவிட்டு, என் தங்கச்சி கதவை மூடுகிறவரை இழுக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். நானும் முயன்று பார்த்தேன். பன்னிரண்டுக்கு மேல் தாங்காது.

மையத்துக்கு இன்னும் இரண்டு விதிகள் உண்டு. குரல் யாருடையது என்று சொல்லக் கூடாது. பதிவை வீட்டுக்கு யாருக்கும் கொடுக்கக் கூடாது. ஒன்பது சிறிய மெமரி அட்டைகளில் ஏற்றி, ஸ்பீக்கர் பெட்டியில் செருகுகிற மாதிரி வைத்திருந்தார்கள். ஆசிரியர் போகும்போது வாங்கிக்கொண்டு போய், வந்ததும் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

தங்கச்சி இறந்தது இரண்டு வருடத்துக்கு முன்னால், ஒரு புதன்கிழமை மத்தியானம். மடிப்பு மேசைக்குப் பக்கத்தில் விழுந்தாள். எழுந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரியிலேயே வேலை, ஆஸ்பத்திரியிலேயே விழுந்தாள், இருந்தும் ஒன்றும் செய்ய முடியவில்லை. பேருந்து நிலையத்துக்குப் போன் போட்டுச் சொன்னார்கள். மாப்பிள்ளை கேட்டுக்கொண்டார். போனை வைத்தார். மைக்கை இழுத்து, ஒன்பதாம் மேடை வண்டி இருபது நிமிடம் தாமதமாக வரும், பயணிகள் பொறுத்துக்கொள்ளவும் என்று சொன்னார். அப்புறம் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

இதை ஊர் பேசியது. என் மனைவியே, “அந்த மனுசன் கல்லுங்க” என்றாள். நான் ஒருநாள் நேராகவே கேட்டேன்.

“சனங்க நின்னுக்கிட்டு இருந்தாங்க மச்சான்” என்றார்.

அவர் அழவில்லை. நானும்தான் அழவில்லை, அதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. அந்த வீட்டில் பிறகு எதுவும் மாறவில்லை, எதுவும் நடக்கவும் இல்லை. அவர் நின்றுகொண்டே சாப்பிடுவார். தட்டைக் கழுவிக் கவிழ்ப்பார். துணியை அவள் மடிக்கிற மாதிரியே மூலைக்கு மூலை சேர்த்து மடிப்பார். நான் ஞாயிற்றுக்கிழமை போவேன். ஆளுக்கு ஒரு டீ குடிப்போம். “வரேன் மாப்ள” என்பேன். “சரி மச்சான்” என்பார். போட்டோ நாலைந்து உண்டு. அவளுடைய குரல் எதிலும் கிடையாது. இருந்ததெல்லாம் பழைய போனோடு போய்விட்டது.

வெளிநாட்டு வகுப்புகளுக்குப் பொறுப்பு ஒரு பல் டாக்டரம்மா. நல்ல மனுஷி, ஆனால் எல்லாவற்றையும் கையேட்டில் எழுதிவிட வேண்டும் அவருக்கு. மூட்டை கட்டத் தெரிந்தவன் என்று என்னைப் பயணத்துக்குக் கூட்டிப் போவார். அந்த வருடம், “உங்க மாப்பிள்ளையையும் கூப்பிடுங்க, நாலு எடம் பாத்தா மனசு மாறும்” என்றார். மாப்பிள்ளை பத்து நாள் விடுப்பு எழுதிக்கொடுத்துவிட்டு வந்தார். மனசு மாறுகிற ஆள் இல்லை. கூப்பிட்டார்கள், வந்தார்.

முதல் ஊரில் ஒரு பள்ளிக்கூடக் கூடம். தரையில் விளையாட்டுக் கோடுகள், மேலே கட்டிவைத்த பந்து வளையம். நாங்கள் அறுபது பாய் விரித்தோம். வந்தவர்கள் மாப்பிள்ளை கையிலிருந்து பாயை வாங்கிக்கொண்டு, தலையை ஆட்டிவிட்டுப் போய் உட்கார்ந்தார்கள். குரல் இந்த ஆளுடையது என்று ஒருவருக்கும் தெரியாது. டாக்டரம்மா பதிவைப் போட்டார். நாங்கள் இருவரும் கடைசியில், சுவரோரம் உட்கார்ந்தோம். தன் குரலையே அவர், ஏதோ வண்டியைப் பற்றிய அறிவிப்பு போலக் கேட்டுக்கொண்டிருந்தார்.

பதினோராம் நிமிடம். டக்.

மாப்பிள்ளை தலையைத் திருப்பிக் கூடத்தின் கதவைப் பார்த்தார். அது சாத்தியே இருந்தது. அறுபது பேரும் அசையாமல் இருந்தார்கள். மறுபடி டக். “மறுபடி உள்ளே.” அறுபது பேரும் இழுத்தார்கள்.

சாப்பாட்டு இடைவேளையில் பாயைச் சுருட்டிக்கொண்டே கேட்டார். “கேட்டீங்களா மச்சான்?”

“எதை?”

“உள்ள வந்தா.”

நான் சுருட்டிய பாய்களைக் கட்டினேன்.  அடுத்த வகுப்பிலிருந்து அவர் ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். பத்து நாளில் மூன்று ஊர், பதினெட்டு தடவை கேட்டார். திரும்பி வந்த பிறகும், அடுத்த பயணம் எப்போது என்று என்னிடம் விசாரித்தார். இருபத்தைந்து வருடத்தில் அவர் என்னிடம் எதையாவது விசாரித்தது அதுதான் முதல் தடவை.

அடுத்த பயணத்துக்கு முன்னால் மையத்தின் செயலாளர் ஒரு கூட்டம் போட்டார். பதிவு பழையதாகிவிட்டது, இரைச்சல் அதிகம், சுத்தம் செய்து புதிதாக ஏற்றப் போகிறோம் என்றார். அதோடு, வெளியூரில் ஒரு இதய நோயாளி அந்த நீண்ட அமைதியில் மயங்கிவிட்டார், அந்த இடத்தை வெட்டிவிடுவதுதான் நல்லது என்றார். சொன்னதில் நியாயம் இருந்தது. எல்லாரும் தலையாட்டினார்கள். மாப்பிள்ளை எழுந்து நின்றார்.

“அது இருக்கட்டும்” என்றார்.

“எதுக்குங்கய்யா? காரணம் சொன்னா நல்லாயிருக்கும்.”

அவர் நின்றுகொண்டே இருந்தார். வாய் திறந்தது, ஒன்றும் வரவில்லை. மைக் வேலை செய்யாத மாதிரி.  நான் எழுந்தேன்.

“பெரியவர் இருக்கட்டும்னு சொன்ன எடம் அது. நான் பக்கத்துல நின்னேன். வெட்டணும்னா அவரக் கேட்டுட்டு வெட்டுங்க.”

“அவரை எங்கே போய்க் கேட்கறது?” என்றார் செயலாளர்.

“அப்ப விடுங்க.”

டாக்டரம்மாவும் எங்கள் பக்கம் சேர்ந்துகொண்டார். வெளிநாட்டில் அந்த அமைதிக்காகவே வருகிறவர்கள் இருக்கிறார்கள், எடுத்தால் சண்டைக்கு வருவார்கள் என்றார். கடைசியில், நெஞ்சு நோய் உள்ளவர்கள் அந்த நேரம் சாதாரணமாக மூச்சு விடலாம் என்று தாளில் ஒரு வரி சேர்ப்பது, முப்பத்தெட்டு விநாடியை அப்படியே விடுவது என்று முடிவானது. மாடிப்படியில் செருப்பைப் போடும்போது மாப்பிள்ளை என் தோளை ஒரு தடவை தொட்டார். நன்றி சொல்கிறாராம்.

ரேடியோக்காரரிடம் போய்ச் சொல்லிவிட்டு வரும் வேலையை எனக்குக் கொடுத்தார்கள்.

“முப்பத்தெட்டு விநாடியும் கொறையக் கூடாது, அதானே?”

“அதான்.”

“இரைச்சல், அங்கங்க வர்ற சத்தம், அதெல்லாம் எடுத்துடறேன். பளிங்கு மாதிரி இருக்கும்.”

“எடுத்துக்குங்க” என்றேன்.

லாரி கீழே நின்றது. ஒரு பீரோவை மூன்றாம் மாடிக்கு ஏற்ற வேண்டியிருந்தது. என் நினைப்பெல்லாம் அந்தப் படிக்கட்டு வளைவில் இருந்தது. அதனால் அப்படிச் சொல்லிவிட்டேன்.

இரண்டு பதிப்பு உலவக் கூடாது என்பது பெரியவர் காலத்து ஏற்பாடு. பழைய அட்டை ஒன்பதையும் நானே திரட்டிக்கொண்டு போய்ச் செயலாளர் மேசையில் வைத்தேன். அவர் கத்தரிக்கோலை எடுத்து ஒவ்வொன்றாக வெட்டினார். ரேடியோக்காரரும் தன் கருவியில் இருந்ததை அழித்துவிட்டதாக எழுதிக்கொடுத்தார். நான் வெட்டிய துண்டுகளைக் கூட்டிக் குப்பையில் போட்டேன்.

அடுத்த பயணத்தில் முதல் ஊர் ஒரு நூலகத்தின் கீழ்த்தளம். மாப்பிள்ளை ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்தில் பாயைப் போட்டுக்கொண்டார். குரல் பளிங்கு மாதிரிதான் இருந்தது. பதினோராம் நிமிடம் வந்தது. “முழுவதும் விடுங்கள்.” மாப்பிள்ளை காதைப் பெட்டிக்கு நெருக்கமாகக் கொண்டுபோனார்.

ஒன்றும் இல்லை.

முப்பத்தெட்டு விநாடியும் இருந்தது. ஒரு விநாடி குறையவில்லை. கிணற்றுக்குள் எட்டிப் பார்த்த மாதிரி இருந்தது எனக்கு. “மறுபடி உள்ளே” என்றது குரல். மாப்பிள்ளை காதை எடுத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். முகத்தில் ஒன்றும் இல்லை. முடிகிறவரை அப்படியே இருந்தார்.

வெளியே படிக்கட்டில் டீக் குவளையோடு அவர் பக்கத்தில் போய் நின்றேன்.

“நல்லா சுத்தமா இருக்கு மச்சான்” என்றார்.

“மாப்ள, நான்தான் அந்த ஆளுகிட்ட எடுத்துக்கச் சொல்லி...”

“விடுங்க.”

“யோசிக்கல மாப்ள. ஒரு பீரோ...”

“விடுங்க மச்சான். டீ ஆறுது.”

திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு போயிருப்பேன். அவருக்குத் திட்டத் தெரியாது. நான் டீயைக் குடித்தேன். சூடாகத்தான் இருந்தது.

மறுநாள் காலை வகுப்பு. பதினோராம் நிமிடத்துக்குக் கொஞ்சம் முன்னால் மாப்பிள்ளை எழுந்தார். கால் கடுத்திருக்கும் என்று நினைத்தேன். பாய்களுக்கு நடுவே சத்தமில்லாமல் நடந்து கதவுக்குப் போனார். “முழுவதும் விடுங்கள்” என்று அவர் குரல் சொன்னதும், அவர் தாழ்ப்பாளைத் திறந்தார். டக். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். உட்கார்ந்திருக்கிற ஒவ்வொருவரையும் பார்த்தார். பிறகு மூடினார். டக். “மறுபடி உள்ளே.” அவர் திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டார்.

வகுப்பு முடிந்ததும் டாக்டரம்மா என்னிடம் வந்தார். முகம் சிவந்திருந்தது.

“யாருங்க நடுவில் கதவைத் திறந்தது?”

“அது வழக்கம்தானேம்மா” என்றேன். எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, வந்துவிட்டது. “ஆரம்பத்துல இருந்தே உண்டே. பழைய பதிவுல சத்தம் கேட்டிருப்பீங்களே.”

அவர் யோசித்தார். அதற்குள் வருடா வருடம் வருகிற ஒரு நரைத்த ஆள், அந்த ஊர்க்காரர், தமிழில் ஒரு சொல் தெரியாதவர், மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக் குலுக்கினார். நேற்றைக்கு அந்தக் கதவைக் காணோம், ஏதோ போலிருந்தது, இன்றைக்கு வந்துவிட்டது என்று சொன்னதாக டாக்டரம்மாவே மொழிபெயர்த்தார். மொழிபெயர்த்துக்கொண்டே கையேட்டை எடுத்துவிட்டார்.

இப்போது அது அச்சில் இருக்கிறது. ‘பதினோராம் நிமிடம்: ஓர் உதவியாளர் கதவைத் திறந்து, நின்று, மெல்ல மூடவும். ஒரு முறை மட்டும்.’ ஆறு நாட்டிலும் செய்கிறார்கள். ஓர் ஊரிலிருந்து, எங்கள் கூடத்தில் தானாகத் திறக்கும் கண்ணாடிக் கதவு, சத்தமே வராது, என்ன செய்யலாம் என்று கடிதம் வந்தது. செயலாளர் அதை என்னிடம் தள்ளிவிட்டார். தாழ்ப்பாள் உள்ள கூடமாகப் பார்த்து எடுங்கள் என்று பதில் போடச் சொன்னேன். அதற்கு என்ன தத்துவம் என்று மறுபடி கேட்டு எழுதியிருந்தார்கள். அதற்குப் பதில் போகவில்லை.

மாப்பிள்ளைக்கு இனி விடுப்பு கிடையாது. நிலையத்தில் இன்னொரு அறிவிப்பாளர் ஓய்வு பெற்றுவிட்டார், இரண்டு ஆள் வேலையை அவரே பார்க்கிறார். அடுத்துப் போகிற வகுப்பில் கதவு என் பொறுப்பு. அதனால் கிளம்புவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை டீ குடித்து முடித்ததும் கேட்டேன்.

“எப்படித் தெறக்கணும், எவ்வளவு நேரம் நிக்கணும், ஒரு தடவ காட்டிடுங்க மாப்ள. நான் பாட்டுக்கு எதையாவது செஞ்சு வைக்கப் போறேன்.”

அவர் என்னைப் பின்னறைக்கு அழைத்துப் போனார். அதே அறை. மெத்தை எதுவும் இல்லை, மடித்த துணி மட்டும் அடுக்கி இருந்தது. அவர் நாற்காலியை அப்போது போட்டிருந்த இடத்தில் போட்டு உட்கார்ந்தார். என்னை வெளியே போகச் சொன்னார். நான் கதவை மூடிக்கொண்டு நின்றேன், பிறகு திறந்தேன்.

“படக்குனு தெறக்கறீங்க. அவ அப்படித் தெறக்கமாட்டா.”

வெளியே போய் மறுபடி திறந்தேன். தாழ்ப்பாள் டக்கென்றது. மாப்பிள்ளை கையை உயர்த்தி உள்ளங்கையைக் காட்டினார். நான் நின்றேன். முப்பத்தெட்டு ஆகியிருக்கும். தாண்டியும் இருக்கும். அவர் கையை இறக்கவில்லை.

“போதுமா மாப்ள? மூடட்டா?”

“இன்னும் கொஞ்சம் நில்லுங்க” என்றார், வண்டி தாமதம் என்று சொல்கிற அதே குரலில்.

நின்றேன்.